சூடம் அணைத்த கை

வலங்கைமான் பக்கம் நடவுக்குக் கூப்பிட்டால் செம்மொழி முதலில் கேட்பது ஒன்றைத்தான்.

"வயலு ரோட்டோரமா, உள்ளயா?"

எத்தனை மா நிலம், எத்தனை நாள், ஆள் ஏற்றிப்போக வண்டி வருமா என்பதெல்லாம் அப்புறம். ரோட்டோரம் என்று பதில் வந்தால், "அன்னிக்கு எங்க செட்டுக்கு வேற வேலை இருக்குங்க" என்று போனை வைத்துவிடுவாள். பதினாறு பெண்கள் உள்ள நடவு செட்டுக்கு அவள்தான் பொறுப்பு. அவள் வேண்டாம் என்றால் பதினாறு பேருக்கும் அன்று வேலை இல்லை. ஆனாலும் ஒருத்தியும் முகம் சுளித்ததில்லை. செட்டில் மூத்தவளான பூவம்மாள் மட்டும் எப்போதாவது, "ஏண்டி, ரோட்டோரத்து நெல்லு என்ன கசக்கவா போவுது?" என்பாள். சொன்ன கையோடு அவளே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். காரணம் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஆண்டு குறுவைக்கு, உள்ளே என்று சொல்லியிருந்த வயல் ரோட்டை ஒட்டி இருந்தது. லோடு ஆட்டோவிலிருந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. நாற்று பறித்து முடி முடியாகக் கட்டி வரப்பில் கிடந்தது. பறித்த நாற்றை வெயிலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிப்போக நடவுக்காரிக்கு மனம் வராது. செம்மொழி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

எட்டே முக்காலுக்கு மஞ்சள் வேன் வந்தது. அந்த இடத்தில் வாய்க்காலுக்கு மதகு கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டிகள் நடை வேகத்தில்தான் போக முடியும். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே சின்னக் கைகள் நீண்டன. "டாட்டா! டாட்டா!" பெண்கள் நிமிர்ந்து சேற்றுக் கையை ஆட்டினார்கள். பூவம்மாள் இரண்டு கைகளையும் ஆட்டினாள். செம்மொழி முந்தானையை இழுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டாள். வேனுக்கு முதுகைக் காட்டி, சத்தம் தேய்ந்து போகிறவரை அப்படியே நின்றாள். கையிலிருந்த நாற்றின் வேரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த வேனில் அவள் மகள் தமிழ்நிலா இருந்தாள். எல்.கே.ஜி.யில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மகளைப் பார்க்கக் கூடாது என்று செம்மொழியை யாரும் தடுக்கவில்லை. கோர்ட்டு தடுக்கவில்லை. போலீசு தடுக்கவில்லை. அவள் தன்னையே தடுத்து வைத்திருந்தாள்.

நாலு நாள் நடவு. நாலு நாளும் வேன் வந்தது. நாலு நாளும் மூடிக்கொண்டாள்.

அவள் புருஷன் பிரபு செத்தது அதற்கு முந்தைய வருஷத்துக்கும் முந்தைய ஐப்பசியில். குத்தகை நிலத்தில் சம்பா தூர்கட்டி நின்ற நேரம், இலைச்சுருட்டுப் புழு விழுந்துவிட்டது. மருந்து அடிக்க ஆள் வைக்கலாம் என்று செம்மொழி சொன்னாள். நானே அடிக்கிறேன் என்றான் பிரபு. பேச்சு வளர்ந்து, அவன் குடிக்கிற கதை அதில் சேர்ந்து, கடைசியில், "எங்கயாச்சும் போய்ச் செத்துத் தொலை!" என்று கத்தினாள். தெருவில் எந்த வீட்டிலும் வாரத்துக்கு ஒருதரம் கேட்கிற வார்த்தைதான். மறுநாள் காலை அவளே தூக்குவாளியில் கஞ்சி எடுத்துப் போனாள். பிரபு சட்டை இல்லாமல், மூக்கில் துணி கட்டாமல், எதிர்க்காற்றில் மூன்று டாங்க் மருந்து அடித்துவிட்டுக் கரையேறினான். இரண்டு மடக்குக் கஞ்சி குடித்தான். மூன்றாவது மடக்குக்கு முன்னால் வரப்பில் சரிந்தான்.

பிரபுவின் அக்காள் அமிர்தம் வலங்கைமானில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் மருதையன் அங்கே உரக்கடை வைத்திருந்தார். தம்பியின் பிணத்தைப் பார்த்ததும் அமிர்தம் அழவில்லை, தூக்குவாளியைத்தான் தேடினாள். "கஞ்சியில என்னத்தடி கலந்த?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் பிறகு புகாராக எழுதப்பட்டது.

ஸ்டேஷனில் செம்மொழியைக் கேட்டார்கள். "முந்தின நாளு செத்துத் தொலைன்னு சொன்னியா?"

"சொன்னேங்க."

"கஞ்சி கொண்டுபோனது யாரு?"

"நாந்தாங்க."

இரண்டும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றாவதாக ஒரு பொய் உண்டாகும் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

ரிமாண்டுக்குக் கூட்டிப்போன அன்று ஒரு பெண் போலீஸ், தானும் பிள்ளை பெற்றவள், அவளைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "உம் புள்ளைக்கு ரெண்டேகால் வயசுதானே? ஆறு வயசுக்குள்ள இருந்தா உள்ள கூடவே வெச்சுக்கலாம். எழுதிக் குடு, நான் சொல்றேன்."

நிலா அமிர்தத்தின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயோரம் எச்சில் வழிந்து அமிர்தத்தின் ரவிக்கையை நனைத்திருந்தது. செம்மொழி பார்த்தாள்.

"ஜெயில்ல எம் புள்ள படுக்க வேணாங்க. ரெண்டு நாள்ல வந்துருவேன்ல."

அந்த இரண்டு நாள் அறுபத்து மூன்று நாள் ஆயிற்று. இடையில் குழந்தைகள் நலக் குழு அமிர்தத்தை அழைத்து விசாரித்து, மறு உத்தரவு வரும்வரை பிள்ளை அத்தையிடம் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தது. அதிலே தவறு சொல்ல ஏதுமில்லை. அம்மா உள்ளே இருந்தாள். அத்தை வெளியே இருந்தாள்.

பொங்கல் கழிந்து ஜாமீன் கிடைத்தது. அப்பா வீரையன் திருச்சி ஜெயிலுக்கு வந்து அழைத்துக்கொண்டார். ஊருக்குப் போகாமல் நேரே வலங்கைமானுக்கு வண்டி ஏறினார்கள். அமிர்தம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினாள்.

"எந்தக் கையால எந்தம்பிக்குக் கஞ்சி ஊத்துனியோ அந்தக் கையால இந்தப் புள்ளைக்கும் ஊத்தலாம்னு வந்தியா?"

"அண்ணி, புள்ளையக் குடுங்க. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

"கொலகாரிக்குப் புள்ள ஒரு கேடா!"

நிலா சத்தத்துக்குப் பயந்து அமிர்தத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூன்று வீடு தள்ளிப் பிள்ளையார் கோயில். சாயங்காலப் பூசைக்குச் சூடம் எரிந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்த் தட்டை வாங்கித் தெருவில் வைத்தாள். எரிகிற சூடத்தை வலது உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தாள்.

"எம்மேல பழி இல்லன்னு கவுர்மெண்டு எழுத்து வர்ற வரைக்கும் எம் புள்ள மொகத்துல முழிக்க மாட்டேன். முழிச்சா, நாந்தான் கொன்னேன்னு வெச்சுக்கங்க!"

தெரு அப்படியே நின்றது. வீரையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாம்மா போவலாம்" என்றார். திருவிடைமருதூருக்கு மேற்கே உள்ள தங்கள் ஊருக்கு வந்து சேரும்வரை பஸ்ஸில் இருவரும் பேசவில்லை. மறுநாள் டீக்கடையில் வீரையன் பேசினார். "எம் பொண்ணு வாயில ஒண்ணு வந்துட்டா வந்ததுதான்."

அந்தச் சத்தியம்தான் அவளுக்கு ஊரில் நிற்க இடம் கொடுத்தது. ஜெயிலுக்குப் போய் வந்தவள் என்று ஒதுங்கியிருந்த பெண்கள் வந்து பேசினார்கள். பெற்ற பிள்ளையின் பெயரில் ஒருத்தி சூடம் அணைக்கிறாள் என்றால் அவள் செய்திருக்க மாட்டாள் என்றார்கள். மாதங்கள் போகப் போக, "சொன்ன சொல்லு மாறாதவ" என்ற பெயர் சேர்ந்தது. நடவு செட்டு அவள் கைக்கு வந்தது அந்தப் பெயரால்தான். ஒவ்வொரு முறை அவள் முகத்தை மூடிக்கொண்டபோதும் சுற்றி நின்றவர்கள் அவளை மெச்சினார்கள். அப்படி மெச்சாமல் யாராவது ஒருத்தர் திட்டியிருக்கலாம் என்று அவள் பிறகு நினைத்ததுண்டு.

எழுத்து அந்தக் குறுவை நடவுக்குப் பிந்தைய ஆவணியில் வந்தது. ரசாயனப் பரிசோதனை அறிக்கையின்படி பிரபுவின் வயிற்றில் இருந்தது வெறும் கஞ்சி; விஷம் நுரையீரலிலும் தோலிலும் இருந்தது. இரண்டு மருந்துகளை ஒரே டாங்கில் கலந்து அடித்திருக்கிறான். செம்மொழி மேல் குற்றம் இல்லை, மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது. அவள் அந்தக் கடைசி வரியை மூன்று முறை படித்தாள். தாளைப் பாலிதீன் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். கும்பகோணத்தில் இறங்கிப் பால்கோவா வாங்கினாள். கவுன் ஒன்று எடுக்கலாம் என்று துணிக்கடைக்குப் போனாள். "எத்தனை வயசுக்கும்மா?" என்றார் கடைக்காரர். "நாலு" என்றாள். "ஒல்லியா, பூசுனாப்லயா?" என்றார். செம்மொழிக்குத் தெரியவில்லை. எடுக்காமல் வந்துவிட்டாள்.

அமிர்தத்தின் வாசலில் அந்தத் தாளை நீட்டினாள்.

"பாருங்க அண்ணி. வந்துருச்சு."

அமிர்தம் வாங்கவில்லை. "உம் பேப்பர நீயே வெச்சு நாக்கு வழிச்சுக்க. இருவது மாசமா எங்கடி போயிருந்த?"

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. இரட்டைச் சடை, நெற்றியில் ஒட்டுப் பொட்டு. ஒல்லிதான். செம்மொழி சூடம் அணைத்த நாளுக்குப் பிறகு அந்த முகத்தை முழுசாகப் பார்ப்பது அப்போதுதான். முகம் அவளைப் பார்த்தது, பிறகு அமிர்தத்தைப் பார்த்து, "யாரும்மா இவங்க?" என்றது.

யாரும்மா என்றதில் 'அம்மா' தானல்ல என்று செம்மொழிக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

இலவச சட்ட உதவியில் அவளுக்குக் கிடைத்த வக்கீல் பாத்திமா, நாகூர்க்காரப் பெண், செம்மொழியைவிட ஒன்றிரண்டு வயது இளையவளாக இருப்பாள். எல்லாத் தாளையும் படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள்.

"நல்ல விஷயத்த முதல்ல சொல்லிடறேன். உரிமை உங்களோடதுதான். கேஸ் கைவிட்டாச்சு. அப்பா இல்ல, நீங்கதான் இயற்கையான காப்பாளர். குழுவில மனு போடலாம், புள்ளைய ஒப்படைக்கச் சொல்லலாம்."

"அப்ப கெட்ட விஷயங்க?"

பாத்திமா ஜாமீன் தாளை மேலே எடுத்து வைத்தாள். "ஜாமீன்ல வந்தீங்கல்ல. அன்னிக்கே மனு போட்டிருக்கலாம். வழக்கு இருக்குங்கறதுக்காக அம்மா, அம்மா இல்லாமப் போயிடறதில்ல. புள்ள கையில கிடைக்காட்டியும் வாரத்துக்கு ஒருநாள் பார்க்கறதுக்காவது ஆர்டர் வாங்கியிருக்கலாம். இருபது மாசம். எண்பது தடவைக்கு மேல பார்த்திருக்கலாம்."

"சத்தியம் பண்ணிட்டேங்க."

"தெரியும். அதத்தான் அவங்க குழுவில சொல்லப்போறாங்க."

செம்மொழி உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். தழும்பு எதுவும் இல்லை. நாற்று முடிச்சின் கோடுகள்தான் இருந்தன.

எழுந்து போகும்போது பாத்திமா கேட்டாள். "அந்த ரெண்டு மருந்தும் உங்க நாத்தனார் வீட்டுக்காரர் கடையில வாங்கினதுதானே? கலந்து அடிக்கச் சொன்னதும் அவருதானா?"

"அவருதான். ஒரே வேலையா முடிஞ்சுரும்னு சொன்னாராம்."

"குழுவில எடுத்துச் சொல்லட்டுமா?"

செம்மொழிக்குச் சொல்லத்தான் ஆசை. நாக்கு நுனிவரை வந்தது. அமிர்தம் தூக்குவாளியைத் தேடிய விதம் நினைவுக்கு வந்தது. வாளியில் விஷம் இல்லையென்றால் எங்கே இருந்தது என்று அமிர்தத்தின் மனம் முதல் நிமிஷமே கண்டுபிடித்திருக்கும். கண்டுபிடித்ததால்தான் வாளியைத் தேடியிருக்கும். "வேணாங்க," என்றாள். "அவங்களுக்கே தெரியும். ஒருத்தர் பேர்ல பழியப் போட்டா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும்."

குழு விசாரணை மாவட்டத் தலைநகரில் நடந்தது. நீள மேசை, நாலு பேர், நடுவில் தலைவி. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பேசுகிற அம்மாள். அமிர்தம் வந்திருந்தாள். அழுது வீங்கிய கண். அவளுக்காக மருதையன் எழுந்து பேசினார்.

"அம்மா, நான் விவசாயத்தோட பொழங்கற ஆளு. நாத்தப் புடுங்கி ஒரு இடத்துல நட்டாச்சு. வேரு புடிச்சு, பச்ச கட்டி, தூரும் வந்துருச்சு. இப்பப் போயி மறுபடி புடுங்குன்னா எந்தப் பயிருங்க நிக்கும்?"

மேசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். செம்மொழி அனுமதி கேட்காமலே எழுந்துவிட்டாள்.

"நாத்தங்கால் என்னுதுங்க. இவரு கடையில ஒக்காந்து மூட்டை பிரிக்கிறவரு. சேத்துல எறங்குனவ நான். பயிரு எங்க நின்னாலும் வெதச்சவங்க யாருன்னு கேக்க மாட்டாங்களா?"

ஒரு உறுப்பினர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளைப் புரட்டினார். மருதையன் உட்கார்ந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அமிர்தம் எழுந்தாள். மெதுவாகப் பேசினாள்.

"எனக்கு ரெண்டு பசங்க இருக்கானுவ. பொம்பளப் புள்ளைக்கு ஏங்கி நான் இதப் புடிச்சு வெச்சுக்கலம்மா. இருவது மாசம். இதுக்கு டைபாய்டு வந்துச்சு. பதினோரு நாளு. ராவும் பகலும் மடியிலயே கெடந்துச்சு. இவ எட்டிப் பாக்கல. முடி எறக்குனோம், பாக்கல. பள்ளிக்கொடத்துல சேத்தோம், பாக்கல. வேன்ல போற ஆயாம்மா சொன்னுச்சு, வயல்ல நிக்கிறா, புள்ள வண்டி வந்தா மொகத்த மூடிக்கிறான்னு. பெத்தவ மொகத்த மூடுவாளாம்மா?"

தலைவி கண்ணாடிக்கு மேலாகச் செம்மொழியைப் பார்த்தார். "உண்மையாம்மா?"

ஸ்டேஷனில் கேட்ட மாதிரியே இருந்தது. மறுபடியும் உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"உண்மைதாங்க."

டைபாய்டு வந்தது அவளுக்குத் தெரியாது. பதினோரு நாள் எந்தப் பதினோரு நாள் என்று நினைத்துப் பார்த்தாள். ஏதோ ஒரு வயலில் களை பறித்துக்கொண்டு, யாராவது மெச்ச, தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்திருப்பாள். அவளுக்கு அழுகை வந்தது. தன் தரப்பில் சொல்ல வைத்திருந்த எதையும் அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. பாத்திமாதான் சொன்னாள். சத்தியத்தைச் சொன்னாள், எழுத்தைச் சொன்னாள், சட்டத்தைச் சொன்னாள்.

தலைவி கடைசியில் சொன்னது செம்மொழிக்கு அப்படியே மனப்பாடம் ஆகிவிட்டது. "புள்ள உங்களோடதுதாம்மா. அதுல ரெண்டாவது பேச்சு இல்ல. ஆனா புள்ளைக்கு நீங்க யாருன்னு தெரியல. அத நாங்க உத்தரவு போட்டுத் தெரிய வைக்க முடியாது." மூன்று மாதம், சனிக்கிழமைதோறும், அலுவலகத்தில் வைத்துப் பிள்ளையைப் பார்க்கலாம். அதன்பின் ஒப்படைக்கப்படும்.

சனிக்கிழமைகளில் அலுவலகத்துப் பின்னறையில் ஒரு பாய் விரித்துப் பொம்மைகள் வைத்திருந்தார்கள். நிலா அவளை "ஆண்ட்டி" என்றாள். முதல் வாரம் அந்த ஒரு வார்த்தைதான். இரண்டாவது வாரம் வண்ணப் பென்சில் எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை இடது கையால் வரைவதைச் செம்மொழி அன்றுதான் பார்த்தாள். பிரபுவும் இடது கைக்காரன். காதுக்குப் பின்னால் மச்சம் அப்படியே இருந்தது. அவள் சிறைக்குப் போனபோது நிலாவுக்கு 'ர' வராது. "சோறு" என்பதை "சோலு" என்பாள். இப்போது திருத்தமாக வந்தது. என்று வந்தது? அதைத் தெரிந்தவள் வெளியே வராந்தா பெஞ்சில் மடியில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

நாலாவது வாரம் செம்மொழி வராந்தாவுக்கு வந்தாள். "அண்ணி, இவளுக்கு 'ர' எப்ப வந்துச்சு?"

அமிர்தம் டிபன் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினாள். செம்மொழி திரும்பப் போனாள்.

"போன சித்திரையில," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "ரப்பர்னு சொல்லுச்சு மொதல்ல. அன்னிக்குப் பூரா ரப்பர் ரப்பர்னு வீட்ட ரெண்டு பண்ணிடுச்சு."

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்வி கேட்டாள். தூங்கும்போது விளக்கு வேண்டுமா? பலூனுக்கு ஏன் பயப்படுகிறாள்? அமிர்தம் முகத்தைத் திருப்பாமலே பதில் சொன்னாள். தூங்க விளக்கு வேண்டும். போன வருஷம் பெரிய பையன் காதுக்குப் பக்கத்தில் பலூனை உடைத்துவிட்டான். தயிர்சாதத்தில் கடுகு கிடந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைப்பாள், அதட்டக் கூடாது. மன்னிப்பு என்று எதுவும் அவர்களுக்குள் நடக்கவில்லை. இருபது மாதத்தை ஒருத்தி சொல்லச் சொல்ல, இன்னொருத்தி கேட்டுக்கொண்டாள். கேட்கக் கேட்க, தான் இழந்தது எவ்வளவு என்று செம்மொழிக்கு அளவு தெரிந்துகொண்டே வந்தது. வேனுக்கு முதுகைக் காட்டி நின்றபோது அது தெரியாமல் இருந்தது.

ஒப்படைப்பு, பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், வலங்கைமான் வீட்டிலேயே நடந்தது. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வந்து இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். அமிர்தம் பெரிய பையில் துணிகளை அடுக்கியிருந்தாள். மேலே ஒரு குட்டி விளக்கு. மருதையன் கடையிலிருந்து வரவில்லை. பசங்கள் இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிலா செருப்பை மாட்டிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம வந்துடுவேன்லம்மா?" என்று கேட்டாள். அமிர்தம் குனிந்து அவள் சடை ரிப்பனைச் சரிசெய்தாள். அலுவலர் தாள்களைப் பைக்குள் வைத்து, "சரிம்மா, கூட்டிட்டுப் போங்க" என்றார். செம்மொழி பிள்ளையின் கையைப் பிடித்து வாசல் இறங்கினாள்.

பத்தடி போயிருக்க மாட்டாள். பின்னால் அமிர்தம் ஓடி வந்தாள். அவர்களைத் தாண்டி ஓடினாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. பிள்ளையார் கோயில் முன்னால் நின்று, மடியிலிருந்து சூடத்தை எடுத்துக் கல்லின்மேல் வைத்துக் கொளுத்தினாள். தீக்குச்சி இரண்டு தரம் அணைந்து மூன்றாவது தரம் பற்றியது. தெருவில் கதவுகள் திறந்தன.

"கேட்டுக்கங்க எல்லாரும்! புள்ள வேணாம் எனக்கு. குடுத்துட்டேன். இனிமே இந்தப் புள்ள மொகத்துல நான்—"

செம்மொழி பிள்ளையின் கையை விட்டாள். எப்படி அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியாது. ஓங்கிய அமிர்தத்தின் கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். வலது கையால் அவள் வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள் அமிர்தத்தின் மூச்சு சூடாக அடித்தது.

"சொல்லாதீங்க அண்ணி."

அமிர்தம் திமிறினாள்.

"சொல்லாதீங்க. இங்கதான் நான் சொன்னேன். சொல்லிட்டா அப்பறம் ஊரே சேந்து நம்மள அத விட்டு எறங்க விடாது. நல்லவ நல்லவன்னு சொல்லியே கொன்னுடும். டைபாய்டு வந்தாலும் பாக்க முடியாது. வேணாம்."

சூடம் அதுபாட்டுக்கு எரிந்தது. யாரும் அதை அணைக்கவில்லை. அமிர்தம் திமிறுவதை விட்டுவிட்டு அழுதாள். அவள் கண்ணீர் செம்மொழியின் விரல் இடுக்கில் இறங்கியது. கையை எடுத்தபோது அமிர்தம் சொன்னது ஒன்றே ஒன்று.

"உன்னய எனக்குப் புடிக்காதுடி."

"தெரியும் அண்ணி. ஞாயித்துக்கெழம வாங்க."

அமிர்தம் அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்துகொண்டாள். கல்லில் சூடம் தானாகச் சிறுத்து, கரிப்பொட்டாகி அடங்கியது. பெட்டிக்கடைக்காரர் ஒருவர் மட்டும், "ஒப்புக்கு ஒரு சத்தியத்தக்கூட முடிக்க விடமாட்டேங்கிறாளுவளே" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. நிலா வெகுநேரம் அழுதாள்; பிறகு விக்கினாள்; பிறகு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். செம்மொழி அவளைத் தொடவில்லை. பையைத் தன் மடியில் வைத்து, அதன் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டேகால் வயதில் இவள் அழுதால் எந்தப் பாட்டுக்கு அடங்குவாள் என்று தெரியும். நாலரை வயதில் எதற்கு அடங்குவாள் என்று கேட்க மறந்துவிட்டாள்.

புது மதகு வந்தது. பஸ் அதன்மேல் ஏறி இறங்கியது. நிலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஆண்ட்டி, இங்கதான் ஆயாங்கல்லாம் எங்களுக்கு டாட்டா காட்டுவாங்க."

செம்மொழி வெளியே பார்த்தாள். அதே வயல். குறுவை அறுத்து, அடுத்த போகமும் கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடந்தது.

"எல்லாரும் காட்டுவாங்க. ஒருத்தங்க மட்டும் காட்டவே மாட்டாங்க. மூஞ்சிய மூடிக்குவாங்க. சஞ்சய் அவங்கள பூச்சாண்டின்னு சொல்லுவான். நான் அப்டி சொல்லல. நான் அவங்களுக்குத்தான் ரொம்ப நேரம் காட்டுவேன்."

செம்மொழி பிடித்திருந்த பையின் வாரை விட்டாள்.

"அது நாந்தாம்மா," என்றாள்.

நிலா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். நம்பலாமா என்று யோசிக்கிற பார்வை. "நீங்களா? ஏன் மூடிக்கிட்டீங்க?"

சொல்வதற்கு நிறைய இருந்தது. சூடம், பழி, எழுத்து, ரோஷம். நாலரை வயதுக்கு அதில் எதுவும் காரணமாகத் தெரியாது. யோசித்துப் பார்த்தால் இருபத்தேழு வயதுக்கும் தெரியவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்."

"மிஸ் திட்டுனாங்களா?"

"யாரும் திட்டல. அதான் தப்பாப் போச்சு."

நிலாவுக்கு அது புரியவில்லை. ஆனால் தப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்பது எல்.கே.ஜி.யில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "அப்ப இப்பக் காட்டுங்க," என்றாள்.

வயல் பின்னால் நழுவிக்கொண்டிருந்தது. செம்மொழி பிள்ளையின் தலைக்கு மேலாகக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினாள். சாய்ந்த கதிர், ஈரம் காயாத வரப்பு, ஒரு கொக்கு. ஆள் யாரும் இல்லை.

"யம்மா, மஞ்ச சேல! கைய உள்ள எடு, லாரி வருது!" என்று கண்டக்டர் முன்னாலிருந்து கத்தினார்.